நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்: தொழிற்சாலைக் காயமும் இ.எஸ்.ஐ. உரிமையும்

காயம்படாமல் வேலை செய்வது எப்படி என்று தொழிலாளருக்குக் கற்றுத்தருவது நிர்வாகத்தின் பெருந்தன்மை அன்று, சட்டக் கடமை. தொழிற்சாலைகள் சட்டம், 1948 இல் 1987 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு அந்தக் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தியது. 111ஏ பிரிவு பாதுகாப்புப் பயிற்சி பெறுவதையும், தன் உடல்நலம் தொடர்பான தகவலைக் கேட்டுப் பெறுவதையும், குறை இருந்தால் ஆய்வாளரிடம் நேரடியாக முறையிடுவதையும் தொழிலாளரின் உரிமையாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பயிற்சி தரும் கடமை அதிலும் நீடிக்கிறது. புதிய சட்டம் வந்துவிட்டது, விதிகள் இன்னும் முழுமையாகவில்லை என்று சொல்லி எந்த அலுவலகமாவது உங்கள் மனுவைத் திருப்பினால், புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை பழைய விதிகள் தொடரும் என்பதைச் சொல்லி, மனுவைக் கொடுத்துவிட்டே வாருங்கள்.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி உறுதிமொழி வாசிக்கச் சொல்வது பயிற்சி ஆகாது. அட்டைப்பெட்டியைக் குனிந்து இழுக்காமல் முழங்காலை மடக்கி உடலோடு அணைத்துத் தூக்குவது, செக்கிங் மேசையின் உயரம் இடுப்புக்குக் கீழே இருந்தால் அதை உயர்த்தித் தரும்படி கேட்பது, உலோகத்தை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில், இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே இயங்கவைக்கும் பொத்தானின் பயன், சென்சார் வேலை செய்யாதபோது இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பவற்றை, நீங்கள் நிற்கும் அதே இடத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லித் தருவதே பயிற்சி. ஒடியாவோ இந்தியோ மட்டும் அறிந்த தொழிலாளருக்குத் தமிழில் வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதைப் பயிற்சி என்று ஏற்கவே முடியாது.

வேலைக்குச் சேரும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டில் வருகைத் தாள் ஒன்று இருக்கும். பெயர், டோக்கன் எண், கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும்; மேலே தலைப்பு, தேதி, பயிற்சி நேரம், பயிற்சி அளித்தவர் பெயர் ஆகிய இடங்கள் காலியாக இருக்கும். அவற்றைப் பிறகு யாரோ ஒருவர், ஒரே பேனாவில், பல மாதங்களுக்கும் சேர்த்து நிரப்புவார். எவரும் பொருட்படுத்தாத அந்தத் தாள், விரல் போன பிறகுதான் கோப்பிலிருந்து வெளியே வருகிறது: ‘இவருக்கு முறையாகப் பயிற்சி அளித்தோம், இவர்தான் விதியை மீறினார்.’ இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்ன சூப்பர்வைசரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

இந்த வாதம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால், நிர்வாகத்தின் தொழிலுக்காக வேலை செய்துகொண்டிருந்தபோது காயம் பட்டிருக்கும் நிலையில், பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் உதவித்தொகையை மறுக்க முடியாது. வேலை நேரத்தில் நடந்த விபத்து, எதிரான சான்று இல்லாதவரை, வேலையின் காரணமாகவே நடந்தது என்று சட்டமே அனுமானிக்கிறது. ஆனால் மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்கள், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் வழியில் (2025 நவம்பர் 21க்கு முன் இது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்) இழப்பீட்டுக்கான அதிகாரியிடம் போக வேண்டியிருக்கும். அங்கே, பாதுகாப்புக்கென்று வகுத்த விதியையோ உத்தரவையோ வேண்டுமென்றே மீறினார், தடுப்பை வேண்டுமென்றே அகற்றினார் என்று நிறுவப்பட்டால், மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் அல்லாத காயங்களுக்கு இழப்பீடு இல்லாமல் போகும். பயிற்சித் தாளில் நீங்கள் போட்ட கையெழுத்து உங்களுக்கு எதிராக முழு வலுவோடு நிற்கும் இடம் அதுவே.

எனவே காலித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், கையெழுத்துக்கு அருகில் அன்றைய தேதியையும் என்ன சொல்லித் தந்தார்கள் என்பதையும் இரண்டு சொற்களில் எழுதிவிட்டு, முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கண்ணி, மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. பண்டலைத் தூக்கும்போது முதுகில் ‘சட்’டென்று பிடித்துக்கொண்டது, அந்த ஷிஃப்ட்டை எப்படியோ முடித்துவிட்டு, மறுநாள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் ‘முதுகுவலி’ என்று மட்டும் பலர் சொல்கிறார்கள். ஓ.பி. சீட்டில் முதுகுவலி என்று எழுதப்பட்ட கணத்தில் அது விபத்தாக இல்லாமல் நோயாகிவிடுகிறது. நோய்க்கால உதவித்தொகை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம்; ஆண்டுக்கு 91 நாள்தான் உச்சம்; ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்பு இருந்தால்தான் அதுவும் கிடைக்கும். வேலைக் காயத்துக்கான தற்காலிக ஊன உதவித்தொகையோ 90 சதவீதம். விபத்து நடந்த நாளை விட்டு மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்தால் போதும். இயலாமை நீடிக்கும்வரை கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காயம் பட்டாலும் உரிமை உண்டு. என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லி, அது சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். பல ஆண்டுகள் குனிந்து குனிந்து மெல்லத் தேய்ந்த முதுகுக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை. பயிற்சியையும் மேசை உயரத்தையும் முன்கூட்டியே வற்புறுத்திக் கேட்கச் சொல்வது அதனால்தான்.

மருத்துவரிடம் சொல்வதற்கு ஈடாக முக்கியமானது, தொழிற்சாலையில் இருக்கும் விபத்துப் பதிவேடு. படிவம் 11 எனப்படும் அந்தப் பதிவேட்டில் சம்பவத்தை அன்றே பதியச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சூப்பர்வைசரிடம் சொன்னாலும் அது சட்டப்படி தகவல்தான், ஆனால் பிறகு அவர் ‘என்னிடம் சொல்லவில்லை’ என்பார். ஆகவே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது அனுப்பிவையுங்கள், கூட இருந்து பார்த்தவரின் பெயரையும் சேர்த்து. நிர்வாகம் இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை படிவம் 12. அது போகவில்லை என்பதைச் சொல்லித்தான் கிளை அலுவலகத்தில் ‘கம்பெனியில் கேட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள், கம்பெனியிலோ ‘இ.எஸ்.ஐ. ஆபீஸில் கேளுங்கள்’ என்கிறார்கள். கட்டுப் போட்ட கையோடு இரண்டு வாசலுக்கும் நடுவே ஒருவரை அலையவிடுவது கொடுமை. அறிக்கை அனுப்புவது நிர்வாகத்தின் கடமை. அதை வரவழைக்க வேண்டியது கிளை அலுவலகம். இதை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அதே மனுவை ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

‘இ.எஸ்.ஐ. வேண்டாம், தனியார் மருத்துவமனையில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்ற கனிவான பேச்சிலும் கவனம் தேவை. முதல் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவார்கள். இரண்டாவதன்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். அதற்குள் பதிவேட்டில் வரி இல்லை, முதல் மருத்துவச் சான்றிதழ் இல்லை, விபத்து நடந்ததற்கே சாட்சியம் இல்லை என்ற நிலை வந்திருக்கும். அவசரத்துக்கு எங்கே சேர்த்தாலும் சரி, பதிவேட்டிலும் இ.எஸ்.ஐ.யிலும் தகவல் பதிவாக வேண்டும்.

ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவர்களுக்கும் ‘டிரெய்னி’ என்று அழைக்கப்படுபவர்களுக்கும் விபத்து நடந்த பிறகுதான் இ.எஸ்.ஐ. எண் எடுக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. எண் எடுக்கப்பட்ட தேதி விபத்துக்குப் பிந்தையதாக இருந்தால் விசாரணை வரும், மாதக்கணக்கில் இழுக்கும். சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், கேட் பாஸ், வருகைப் பதிவின் படம் ஆகியவை அப்போது உங்களைக் காப்பாற்றும். நிர்வாகம் பங்களிப்பு கட்டாத குற்றத்துக்குத் தொழிலாளர் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. உதவித்தொகையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிர்வாகத்திடம் வசூலிக்கும் அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு உண்டு. டிரெய்னி என்று பெயர் வைத்துவிட்டதாலேயே இ.எஸ்.ஐ. இல்லை என்பதும் தவறு. 1961 ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டவர்களுக்கு மட்டுமே அந்த விலக்கு. அப்படிப்பட்டவர்களுக்கும் காயம் பட்டால் இழப்பீடு தர வேண்டியவர் முதலாளியே.

பயிற்சியே தரவில்லை, தடுப்பு இல்லை, நாள் முழுக்க உட்கார இடமில்லை என்ற புகார்களுக்குத் தமிழ்நாட்டில் போக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இதைக் கொடுத்துப் பயனில்லை. துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போக வேண்டும். அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. மனுவில் உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள், இயந்திரத்தின் எண்ணையும் பிரிவின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் முன் இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் இறுதிச் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள். விரல், பார்வை, மூட்டு அசைவு என எதிலாவது நிலையான குறை தங்கியிருந்தால், அந்தச் சான்றிதழைப் பெற்ற கையோடு மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு விண்ணப்பியுங்கள்; குழு நிர்ணயிக்கும் சதவீதத்தின்படி வாழ்நாள் முழுவதும் உதவித்தொகை உண்டு, சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடும் உண்டு. தற்காலிக ஊன உதவித்தொகை பெற்றுவரும் காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தால் அதை அப்படியே ஏற்காதீர்கள். அந்தக் கடிதத்தில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.