பைனரி பல்சாரை இரட்டைப் பல்சார்னு எழுதாதீங்க

"1974ல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் இரட்டைப் பல்சார்"னு இந்த வாரத்துல மட்டும் மூணு இடத்துல படிச்சுட்டேன், இனிமேலும் சொல்லாம இருக்க முடியல. அது தப்புங்க, அது பைனரி பல்சார். பல்சார்னா வேகமா சுழன்டுகிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்பற நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய நட்சத்திரம் வெடிச்சு மிஞ்சற ரொம்ப அடர்த்தியான உருண்டை.

பைனரிங்கறது ரெண்டு ரெண்டாங்கற பொருள்ல வர்ற 'பினி'ங்கற லத்தீன் சொல்லோட வழி வந்தது. வானத்துக்கு அதைக் கொண்டு வந்தவர் வில்லியம் ஹெர்ஷல், 1802ல. டபுள் ஸ்டார்ங்கற பேர் அப்பவே புழக்கத்துல இருந்துச்சு, ஆனா மகரத்துல அல்கெடி மாதிரி ஒட்டினாப்ல தெரியற ரெண்டு நட்சத்திரம் நிஜத்துல பல நூறு ஒளியாண்டு முன்னப்பின்ன இருக்கலாம், ஒண்ணோட ஈர்ப்புல இன்னொண்ணு கட்டுப்பட்டு சுத்தினாத்தான் பைனரி. இரட்டைன்னு போட்டா அந்தக் கட்டே போயிடுது.

பல்சார்ல இன்னும் மோசம். 1974ல ஹல்ஸ், டெய்லர்ங்கற ரெண்டு வானியலாளர்கள் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கில பிடிச்சதுல பல்சார் ஒண்ணே ஒண்ணுதான், கூட இருக்கற நியூட்ரான் விண்மீன்ல இருந்து நமக்குத் துடிப்பே வரல. 59 மில்லிசெகண்டுக்கு ஒண்ணா வர்ற துடிப்போட இடைவெளி லேசா கூடிக் குறைஞ்சுது, அந்த ஏத்த இறக்கமும் தினம் முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்துச்சு, ஏன்னா ஒண்ணையொண்ணு சுத்தற ஒரு சுத்து 7.75 மணி, மூணு சுத்து சேர்ந்தா 23.25 மணிதான். கண்ணுல படாத துணையை அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. ரெண்டும் ரொம்ப நெருங்கற இடம் வருஷத்துக்கு 4.2 டிகிரி நகருது, அதை ஐன்ஸ்டீனோட பொதுச் சார்பியல் கணக்குல போட்டா ரெண்டோட மொத்த நிறையும் கிடைச்சுடும். ரெண்டுமே பல்சாரா இருக்கற ஜே0737-3039 கிடைச்சது 2003ல, அதைத்தான் டபுள் பல்சார்ங்கறாங்க. இரட்டைங்கற சொல்லை முன்னதுக்கே செலவழிச்சுட்டா இதுக்கு என்ன பேர் வைக்கிறது?

சிலர் 'இருமப் பல்சார்'ங்கறாங்க. இருமம்னா 0, 1 வச்சு எழுதற எண்முறை, கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். அகராதில பைனரிக்கு எதிர்ல இருக்கற முதல் சொல்லை எடுத்து ஒட்டறது மொழிபெயர்ப்பே இல்ல.

என் ஓட்டு 'இணை'க்குத்தான். இணைன்னா இணைகோடு ஞாபகம் வந்து குழப்பும்னு சொல்றாங்க, ஆனா அன்றில் இணைன்னு சொன்னா ஒண்ணை விட்டு ஒண்ணு பிரியாதுன்னு யாருக்கும் விளக்கவே வேண்டாம். ஹல்ஸ்-டெய்லருது இணைப் பல்சார், 2003ல கிடைச்சது இரட்டைப் பல்சார்.

அதே கட்டுரைங்கள்ல அந்த நெருங்கற இடத்தை 'சூரிய அண்மை'ன்னு வேற போட்டிருக்காங்க. அங்க சூரியனே கிடையாதுங்க, 'நெருங்குமுனை'ன்னு எழுதுங்க.