பழைய வீடியோ கேமுக்குப் புது ரிமோட் வாங்கும் முன்

பரணில் கிடந்த வீடியோ கேம் பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து என் சர்வீஸ் மேஜைக்கு வருகிறவற்றில் பெட்டி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, போயிருப்பது ரிமோட்தான். இழுபடுவது, கீழே விழுவது, தோற்ற கோபத்தில் அமுக்கப்படுவது எல்லாம் அதுதானே. எனக்கு வருத்தம் என்னவென்றால், பலர் அசல் ரிமோட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, ஆன்லைனில் வாங்கிய புது ரிமோட் சரிப்படவில்லை என்று அப்புறம்தான் வருகிறார்கள். போட்டது அரைமணி நேர வேலையில் சரியாகியிருக்கும். வாங்கியதைச் சரிசெய்யப் பல நேரம் வழியே இல்லை.

அதனால் முதலில் கெட்டுப்போயிருப்பது எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம்தான் நம் ஊர் வீடுகளில் இருந்த பெரும்பாலான கேசட் பெட்டிகளுக்கு மூலம், நம்மிடம் இருப்பவை அதன் நகல்கள். நான்கு திசை, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என்று எட்டு பட்டன்கள் இருந்தாலும் ரிமோட்டிலிருந்து பெட்டிக்குப் போவது ஐந்தே ஒயர்கள்தான். ஒன்று கரண்ட், ஒன்று கிரவுண்ட், இரண்டு பெட்டி அனுப்பும் சிக்னல், மீதி ஒன்றில் எட்டு பட்டன்களின் நிலையும் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஆகவே ஒயர் அறுந்தால் எல்லா பட்டனும் மொத்தமாகப் படுத்துவிடும். ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது ஒயர் பிரச்சினை இல்லை, உள்ளே இருக்கும் கார்பன் ரப்பர் பிரச்சினை. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பாதிப் பேர் புது ரிமோட் தேடி அலைய மாட்டார்கள்.

சேகா கம்பெனியின் மெகா டிரைவ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அதில் ஏ, பி இரண்டும் ஒரே ஒயரில் மாறி மாறி வரும், சி, ஸ்டார்ட் இரண்டும் இன்னொன்றில். அதனால் ஏ, பி சேர்ந்து போனால் அந்த ஒயரைச் சந்தேகப்படுங்கள். ஏ மட்டும் போனால் ரப்பரைப் பாருங்கள்.

ஒயர் அறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ரிமோட்டுக்குள் நுழைகிற கழுத்து, இல்லையென்றால் பிளக்கின் கழுத்து. விளையாடிவிட்டு ரிமோட்டைச் சுற்றியே ஒயரை இறுக்கிச் சுற்றி வைக்கிறோம் பாருங்கள், அந்த வளைவில்தான் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டே கழுத்தை மெல்ல வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கெட்ட பகுதியை நறுக்கிவிட்டு மறுபடி சால்டர் வைத்தால் வேலை முடிந்தது. பிரிக்கும் முன் எந்த நிற ஒயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நகல் ரிமோட்டுகளில் நிறத்தை நம்ப முடியாது.

ரப்பர் விஷயத்தில்தான் வீட்டு வைத்தியம் நிறைய நடக்கிறது. பட்டனுக்கு அடியில் சின்ன கறுப்பு வட்டம் இருக்கும், அதில் உள்ள கார்பன்தான் போர்டில் இருக்கும் இரண்டு தடங்களையும் சேர்க்கிறது. நம் ஊர் வெயில் தெரிந்ததுதான், கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில், தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வருஷக்கணக்கில் கிடந்தால் ரப்பர் பிசுபிசுத்துப்போகும், அதில் தூசியும் வியர்வைப் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். ஐபிஏ என்று செல்போன் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தாலே பல ரிமோட்டுகள் உயிர் பெற்றுவிடுகின்றன. பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கார்பன் பூச்சு மிக மெல்லியது. சிலர் சிகரெட் அட்டையில் வரும் அலுமினியத் தாளை வெட்டி ஒட்டுகிறார்கள். சில நாள் நன்றாக ஓடும், பிறகு அந்தத் தாள் போர்டில் இருக்கும் கறுப்புத் தடத்தைச் சுரண்டிவிடும். ரப்பர் போனால் மாற்றலாம், போர்டு தடம் போனால் கஷ்டம். கார்பன் முழுக்கத் தேய்ந்துவிட்டால் பழைய டிவி ரிமோட்டின் ரப்பரிலிருந்து வட்டத்தை வெட்டியெடுத்து ஒட்டலாம், நான் அப்படித்தான் செய்கிறேன், நன்றாகவே உழைக்கிறது.

சரி, உண்மையிலேயே போர்டு போய்விட்டது, அல்லது ரிமோட்டே காணவில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்?

முதல் எச்சரிக்கை பிளக். ஒன்பது பின் பிளக்கைப் பார்த்துவிட்டு 'அதே மாதிரிதானே இருக்கு' என்று வாங்காதீர்கள். நம் கேசட் பெட்டிகளில் பலவற்றுக்கு ஒன்பது பின், சேகாவுக்கும் ஒன்பது பின், வடிவமும் ஒன்றுதான், செருகினால் உட்கார்ந்துவிடும். ஆனால் உள்ளே ஒயர் வரிசை வேறு, கரண்ட் வருகிற பின்னும் வேறு. ரிமோட் வேலை செய்யாது என்பதோடு நிற்காமல் பெட்டியே கெட வாய்ப்பு இருக்கிறது. நகல் பெட்டிகளில் பதினைந்து பின்னும் உண்டு. அசல் அமெரிக்க நின்டெண்டோவுக்கு ஏழு பின். பின்களை எண்ணுங்கள், அது எந்தப் பெட்டிக்கான ரிமோட் என்று கடைக்காரரைக் கேளுங்கள். எல்லாத்துக்கும் போடலாம் என்று பதில் வந்தால் அங்கே வாங்க வேண்டாம்.

இரண்டாவது, திசை பட்டன். மலிவு ரிமோட்டின் தரம் முதலில் தெரிவது இங்கேதான். நல்ல ரிமோட்டில் பிளஸ் வடிவ பட்டனுக்கு நடுவில் ஒரு முட்டு இருக்கும், பட்டன் அதன்மேல் சாயுமே தவிர மொத்தமாக உள்ளே இறங்காது. மலிவானதில் அந்த முட்டு குட்டையாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது, அழுத்தி விளையாடினால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் போய் கேம் குழம்பும். கடையிலேயே பட்டனின் நடுவில் கட்டைவிரலை வைத்து அமுக்குங்கள், முழுசாக உள்ளே போனால் வேண்டாம். பெட்டியில் மாட்டிப் பார்க்க விட்டால் மரியோவில் பி-யைப் பிடித்தபடி ஓடிக்கொண்டே ஏ-யைத் தட்டித் தாண்டுங்கள், கான்ட்ராவில் ஓடியபடியே மேல்மூலைக்குச் சுடுங்கள். இந்த இரண்டும் கை வலிக்காமல் வந்தால் அந்த ரிமோட்டை நம்பி வாங்கலாம்.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார், அவர் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி. "அமுக்காமலே தானா ஓடுதுண்ணா, ரிமோட் போச்சுன்னு புதுசு ஒண்ணு வாங்கினேன், அதுல கார் ஒரே வேகத்துலதான் போகுது" என்றார். இரண்டு குறைக்கும் காரணம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2-ன் அசல் ரிமோட்டான டூயல்ஷாக் 2-ல் பட்டன்கள் எவ்வளவு அழுத்தமாக அமுக்குகிறோம் என்பதையும் உணரும், கிரான் டூரிஸ்மோ மாதிரி கேமில் மெல்ல அமுக்கினால் மெல்லப் போகும். போலிகளில் பெரும்பாலும் இது இருப்பதில்லை, அமுக்கினால் முழு வேகம், விட்டால் நிறுத்தம், அவ்வளவுதான். அவருடைய பழையதில் உண்மையில் போர்டு போகவில்லை. பட்டன்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஃபிலிமைப் போர்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு காலப்போக்கில் சப்பையாகி, தொடர்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. மெல்லிய ஃபோம் ஒன்றை வெட்டி அந்த இடத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. 2013-லேயே பிளேஸ்டேஷன் 2 உற்பத்தி நின்றுவிட்டது, இன்று 'கம்பெனி சீல் போட்ட அசல்' என்று சல்லிசாகக் கிடைத்தால் சந்தேகப்படுவது நல்லது.

ஒயர் இல்லாத ரிமோட் வேண்டும் என்று விஐடி மாணவர்கள் நிறையக் கேட்கிறார்கள். 8பிட்டோ என்ற கம்பெனி பழைய பெட்டிகளுக்கான புளூடூத் ரிசீவரும், பழைய ரிமோட் கூட்டுக்குள்ளேயே மாட்டுகிற போர்டும் செய்திருக்கிறது. ரெட்ரோ-பிட் என்ற கம்பெனி சேகாவின் உரிமம் பெற்றே ரிமோட் தயாரித்திருக்கிறது. இவற்றை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் பெயரில்லாத வயர்லெஸ் ரிமோட்டில் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி எனக்குப் பயம். வேகமாக சார்ஜ் செய்யும் போன் சார்ஜரில் போடாதீர்கள், இரவு முழுக்க விடாதீர்கள். ரிமோட் உப்பிய மாதிரி தெரிந்தால் குழந்தைகள் கையில் கொடுக்காமல் உடனே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, பட்டன் லேட்டாக வேலை செய்கிறது என்ற புகாருக்கு ரிமோட்டைக் குறை சொல்லும் முன் டிவியைப் பாருங்கள். நம் நாட்டு டிவிகளின் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 50 படம், ஒரு படத்துக்கு 20 மில்லிவினாடி. புது எல்இடி டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று இதைவிடப் பல மடங்கு தாமதப்படுத்தும். டிவி செட்டிங்கில் கேம் மோடு போட்டுவிட்டுப் பாருங்கள். அதேபோல் வாத்து சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது, பழைய பெரிய குழாய் டிவியின் திரை ஒளிர்கிற முறையை வைத்துத்தான் அது கணக்குப் போடும். நன்றாக இருக்கிற துப்பாக்கியைக் கெட்டது என்று தூக்கிப் போட வேண்டாம்.

லாங் பஜாரிலோ, ரயிலேறிப் போய் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தேடப் போகிறீர்கள் என்றால், பழைய ரிமோட் எவ்வளவு உடைந்திருந்தாலும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். பிளக்கை ஒப்பிட, திருகாணி வரை கழற்றிப் பயன்படுத்த அது வேண்டும். முடிந்தால் பெட்டியையும் அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுபோய், அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.