நாரியில் கத்தி வைக்கும் முன் கட்டிலில் உருளப் பழகுங்கள்

உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில், முள்ளந்தண்டில் பெரிய சத்திரசிகிச்சை முடிந்து 21 நாளான ஒரு அம்மாவைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். காயத்தைப் பார்த்தேன். மெல்லிய நூல் ஒட்டியது போல அழகாக ஆறியிருந்தது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூக்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் அந்த அம்மா 21 நாளும் மல்லாந்தபடியே கிடந்திருக்கிறார். குதிகால் இரண்டும் சிவந்து கன்றியிருந்தன. கெண்டைக்கால் சதை நனைந்த துணி போலத் தொய்ந்திருந்தது. மெதுவாக எழுப்பி இருத்தினேன்; கண் இருட்டுகிறது என்று என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அம்மா எழும்பேல்லை?"

"அசையக் கூடாது எண்டு சொன்னவை மிஸ்."

வார்ட்டில் சொன்னது இதுதான்: குனிய வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், இடுப்பை முறுக்க வேண்டாம். அது வாகனம் ஏறி, நாலு சொந்தக்காரரின் வாய் மாறி வீடு வந்து சேரும்போது "அசைய வேண்டாம்" ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் நான் பிழை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் ஒப்பரேஷனுக்கு முன்னால் வருவது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். ஃபிசியோதெரபிஸ்ட் என்றால்தான் பலருக்கு விளங்கும். எங்கள் பக்கத்து நோயாளிகள் பலருக்கு இந்தச் சத்திரசிகிச்சை கண்டியிலோ கொழும்பிலோ மட்டக்களப்பிலோ நடக்கிறது. சில நாளில் துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் செய்து, வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் மாதங்கள் இங்கே, நம் வீட்டுக் கட்டிலிலும் கிணற்றடியிலும் கழிகின்றன.

முதலில், உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது டிஸ்க். நரம்பை அழுத்தும் டிஸ்க் துண்டை மட்டும் எடுப்பது ஒரு வகை. நரம்பு போகும் பாதை ஒடுங்கியிருந்தால், பின்பக்க எலும்பைச் செதுக்கி இடம் கொடுப்பது இன்னொரு வகை. எலும்பு ஒன்றின்மேல் ஒன்று வழுகுகிறது, ஆட்டம் காண்கிறது என்றால் ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு இரண்டையும் ஒன்றாக இணைப்பார்கள். பெரிய ஒப்பரேஷன் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த ஸ்க்ரூ காலம் முழுக்கப் பாரம் தாங்கப் போடப்பட்டதல்ல. வீட்டுக்குத் தட்டு போடும்போது மேசன் பலகை அடித்து முட்டுக் கொடுப்பாரே, அது போலத்தான். கொங்கிறீட் இறுகும்வரை பலகை தாங்கும். இங்கே இறுக வேண்டியது உங்கள் எலும்பு. அது ஒட்ட 3 முதல் 6 மாதம் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். ஆனால் வலி பலருக்கு ஆறாம் கிழமையிலேயே நன்றாகக் குறைந்துவிடும். வலி போய்விட்டது, எலும்பு இன்னும் ஒட்டவில்லை. இந்த இடைவெளியில்தான் தண்ணீர் வாளியும் அரிசி மூட்டையும் தூக்குகிறார்கள். எனக்குப் பயம் தரும் காலம் அதுதான். முதல் கிழமை அல்ல.

சரி, முன்தயாரிப்புக்கு வருவோம். திருக்கடலூர்ப் பக்கம் கடல் தொழில் செய்யும் ஒரு அண்ணை, ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்ததும் மனைவியோடு வந்தார். அவரை என் கட்டிலில் படுக்கச் சொல்லி, எழும்பச் சொன்னேன். தலையைத் தூக்கி, வயிற்றை எக்கி, ஒரே மூச்சில் எழுந்தார். வலியில் முகம் சுருங்கியது. நாரிக்கு, அதாவது கீழ்முதுகுக்கு, கெட்ட எழும்பல் அதுதான்.

"அண்ணை, இப்பிடிச் செய்யுங்கோ" என்று படிப்படியாகக் காட்டினேன். மல்லாந்தபடி முழங்கால் இரண்டையும் மடிக்க வேண்டும். பிறகு தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாகவே பக்கவாட்டில் திரும்ப வேண்டும், மரக்குற்றி உருள்வது போல. பக்கமாகப் படுத்தபின், இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே விட வேண்டும். கால் கீழே இறங்கும் அதே நேரத்தில் கீழ்ப்பக்க முழங்கையையும் மேல்பக்கக் கையையும் மெத்தையில் ஊன்றித் தள்ளினால் உடம்பு தானாக நிமிர்ந்து இருந்துவிடும். திரும்பப் படுப்பதும் இதே வழிதான், தலைகீழாக.

முதல் நாலைந்து தரம் இடுப்பு முன்னே போய்த் தோள் பின்னே நின்றது. "வள்ளம் உருட்டிற மாதிரி, நடுவில வளையக் கூடாது. அப்பிடித்தானே மிஸ்?" என்று கேட்டார். நான் சொன்னதைவிட அவர் சொன்னதுதான் தெளிவு. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பழகச் சொன்னேன். எண்ணுவது மனைவியின் பொறுப்பு. காயத்தோடும் மருந்து மயக்கத்தோடும் அதைப் புதிதாகப் பழக முடியாது. முன்பே பழகியவருக்கு உடம்பே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அவர் அதுவரை பாயில் படுத்தவர். பாய் சரிவராது. தரையிலிருந்து எழும்புவதற்கு முள்ளந்தண்டு வளைந்தே ஆக வேண்டும். கட்டில் முழங்கால் உயரத்துக்கு இருக்க வேண்டும். பதிவாக இருந்தால் கட்டில் காலுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து உயர்த்தலாம். அடுத்தது மலசலகூடம். நம் வீடுகளில் பெரும்பாலும் குந்தி இருக்கும் கோப்பைதான். முதல் ஆறு கிழமையாவது குந்தக் கூடாது. கொமட் கதிரை வாங்க வசதியில்லையா, உறுதியான பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, கோப்பைக்கு மேலே வைத்தால் போதும். ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் சுகமான ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். குசினியில் தினமும் எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத் தட்டுக்கு ஏற்றுங்கள். தரையில் கிடக்கும் கால்மிதிகளைச் சுருட்டி வையுங்கள். இவை ஒரு நாள் வேலை. ஆனால் ஆள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் நிற்கும்போது செய்யக்கூடிய வேலை அல்ல.

புகையிலையைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்கிறேன். நிக்கோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். காயம் ஆறுவதையும் தாமதமாக்கும். சிகரெட், பீடி என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். "நான் பத்துறதில்லை மிஸ், வெத்திலை மட்டும்தான்" என்பவரின் மடியில் புகையிலைத் துண்டு இருக்கும். அதிலும் அதே நிக்கோட்டின்தான். குறைந்தது நாலு கிழமைக்கு முன்பே விட வேண்டும், எலும்பு ஒட்டி முடியும்வரை தொடக் கூடாது. சத்திரசிகிச்சை நிபுணரிடம் இதை மறைக்காதீர்கள். அவர் ஏச மாட்டார், ஏசினாலும் பரவாயில்லை.

சீனி வருத்தம் இருந்தால், கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து, திகதிக்கு முன்பே கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வர வேண்டும். சீனி ஏறியிருந்தால் காயத்தில் கிருமி பிடிக்கும் வாய்ப்புக் கூடும். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் முடிவு செய்வார். தாமாக நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்து, கசாயம், தூள் என்று எடுப்பதையும் சொல்லுங்கள்.

ஒப்பரேஷன் முடிந்த அடுத்த நாளே பெரும்பாலானவர்களைக் கட்டிலோரம் இருத்தி, நிற்க வைத்து, நாலடி நடக்க வைப்பார்கள். ஈவிரக்கமில்லாத வேலை என்று உறவினர் கோபப்படுவதுண்டு. படுத்தே இருந்தால் காலின் ஆழத்து நாளத்தில் இரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம். ஆகவே படுத்திருக்கும் நேரத்திலும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஆழமாகப் பத்து மூச்சு எடுங்கள். வலி மருந்தைக் கடன் போலத் தள்ளிப் போடாதீர்கள். வலி அடங்கினால்தான் நடக்க வரும். அந்த மருந்துகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும். முக்குவது நாரிக்கு நல்லதல்ல. தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை, தேவையென்றால் மலமிளக்கி.

வீடு திரும்பும் பயணத்தை யாரும் யோசிப்பதில்லை. கண்டியிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வர நாலைந்து மணி நேரம் எடுக்கும். முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, நாரிக்கு மடித்த துவாய் வைத்து, மணிக்கு ஒரு தரமாவது வாகனத்தை நிற்பாட்டி இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ஏறும்போது முதலில் சீட்டில் பின்பக்கத்தை வைத்து இருந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுக்க வேண்டும். ஆட்டோ வேண்டாம். பஸ் வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டில் எனக்கும் பாட்டிமாருக்கும் எப்போதும் ஒரு இழுபறி. மீன் கிரந்தி, முட்டை சீழ் பிடிக்கும், தயிர் குளிர் என்று எல்லாவற்றையும் நிறுத்தி, ரசமும் சோறும் கொடுக்கிறார்கள். வெட்டிய தசையும் எலும்பும் புரதத்தில்தான் வளர வேண்டும். கடல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு நோயாளிக்கு மீன் கொடுக்காமல் விடுவது எனக்கு மனவருத்தம். உடலுக்கு உண்மையில் ஒவ்வாத மீனைத் தவிருங்கள், சரி. சூடைமீன் சொதி, முட்டை, பருப்பு, கிண்ணியாத் தயிர், முருங்கையிலை எல்லாம் வேண்டும்.

காயத்தில் எண்ணெய், மஞ்சள், பத்து எதுவும் பூசக் கூடாது. காயம் முழுதாக ஆறி, வைத்தியர் சம்மதிக்கும்வரை கடல் குளிப்பும் இல்லை. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போகலாமா என்று கிட்டத்தட்ட எல்லாரும் கேட்கிறார்கள். அந்தச் சூட்டுத் தண்ணீரில் நம் சனத்துக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே ஏழு கிணற்றிலும் குனிந்து வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். காயம் ஆறிய பிறகு போங்கள், அள்ளுவது வேறு ஒருவராக இருக்கட்டும்.

வலி கூடினால் பாமசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இங்கே அதிகம். இணைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த வகை மருந்துகளைப் பல நிபுணர்கள் விரும்புவதில்லை. எலும்பு ஒட்டுவதைத் தாமதிக்கலாம் என்பதால். கேட்காமல் எடுக்காதீர்கள்.

நடைதான் முதல் மூன்று மாதத்துக்கும் உங்கள் உடற்பயிற்சி. ஒரே நீட்டாக அல்ல. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம், பிறகு கூட்டிக் கூட்டிக் கொண்டு போகலாம். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். நாரிக்குப் பெல்ட் கட்டச் சொல்லியிருந்தால் அதற்குள் பருத்திப் பெனியன் போடுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் தோல் அவிந்துவிடும். பெல்ட்டுக்கு மேல் பெல்ட் கட்டினால் கெதியாகச் சுகம் வராது. வைத்தியர் சொன்ன காலம் மட்டும் போதும்.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கதவு வரை போய்த் திரும்பி வந்து தயங்கியபடி கேட்டார்: "தொழுகைக்கு என்ன செய்றது மிஸ்?" சுஜூதுக்கு நெற்றி நிலத்தில் படக் குனிவது இந்தக் காலத்தில் முடியாது. கதிரையில் இருந்து தொழ நோயாளிக்கு மார்க்கம் இடம் கொடுக்கிறது என்பதை அவரே அறிவார்; ஒரு மருத்துவத் தொழிலாளி வாயால் கேட்க வேண்டியிருந்தது. கோவிலில் விழுந்து கும்பிடுவதும் அங்கப்பிரதட்சணமும் அப்படித்தான், பிறகு பார்க்கலாம். கணவன் மனைவி உறவு பற்றியும் கேட்கத் தயங்குகிறார்கள். கேளுங்கள். பொதுவாக ஆறு கிழமைக்குப் பிறகு, நாரியை வளைக்காத விதத்தில், வலி இல்லாவிட்டால் என்று சொல்வோம். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

மூன்றாம், நான்காம் கிழமையில் மனம் சோர்ந்து போகும். நரம்பு அழுத்தத்தால் வந்த கால் வலி முதலில் போகும், பலம் மெல்லத்தான் வரும், விறைப்பு, அதாவது மரத்துப் போன உணர்வு, கடைசியில்தான் போகும். சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடலாம். "இவ்வளவு செய்தும் விறைப்புப் போகேல்லையே" என்று அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். பார்க்க வருகிற சொந்தங்கள் அந்த நேரத்தில் யாருக்கோ ஒப்பரேஷன் பிழைத்த கதையைக் கட்டிலோரம் இருந்து சொல்லாமல் விடுவது பெரிய உதவி. வந்தவர்கள் ஒரு சுற்று கூட நடந்துவிட்டுப் போனால் அதைவிடப் பெரிய உதவி.

இனி வருவதை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள். காய்ச்சல், காயத்திலிருந்து நீரோ சீழோ வடிவது, சிவந்து வீங்குவது என்றால் அன்றே காட்ட வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே. சலம் போக முடியாமல் அடைப்பது, சலமோ மலமோ தெரியாமல் போவது, தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போவது, பாதம் திடீரெனத் தூக்க வராமல் விழுவது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

திருக்கடலூர் அண்ணைக்கு இப்போது நாலாம் மாதம். கட்டிலில் உருண்டு எழும்புவதை வார்ட்டில் பார்த்த தாதி, பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டச் சொன்னாராம். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து மான்கள் மேயும் மரத்தடி வரை காலையில் நடந்து போய்த் திரும்புகிறார். கோணேசர் கோவில் ஏற்றத்தை இன்னும் தொடவில்லை. கடலுக்கு எப்போது போகலாம் என்று ஒவ்வொரு தரமும் கேட்கிறார். ஃபைபர் போட் அலையில் எழுந்து விழும் ஒவ்வொரு அடியும் நேராக நாரியில்தான் இறங்கும். ஆறாம் மாத எக்ஸ்ரேயைச் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை முற்றத்து வேப்பமரத்தடியில் வலை பொத்துகிறார். முன்பெல்லாம் நிலத்தில் கால் நீட்டி இருந்து பொத்துவார். இப்போது முதுகு சாயும் கதிரையில் இருந்து, வலையை ஒரு மேசையில் ஏற்றிப் போட்டு, அரை மணிக்கு ஒரு தரம் எழும்பி நடக்கிறார். நேரம் பார்த்துக் கூப்பிடுவது மனைவி.