சர்க்கரை இல்லாத தாகம்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஒருவருக்கு அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் கண்டால், "இனிப்பு நீர் வந்துவிட்டது" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். ஆனால், செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி ஒருவர், வெயிலில் இறங்காத நாளிலும் இரவில் ஐந்தாறு முறை எழுந்து, ஐஸ் தண்ணீரையே தேடிக் குடித்து, விடிவதற்குள் இரண்டு பெரிய போத்தல்களைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது. சிறுநீரோ குழாய்த் தண்ணீரைப் போல நிறமற்று இருக்கிறது. அப்போது ஐயப்பட வேண்டியது வாசோபிரசின் என்னும் ஹார்மோனின் குறைவை.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி தானாகவே உடலுக்குள் திரும்பிவிடும். எஞ்சியதை மீட்பதற்குத்தான் வாசோபிரசின் தேவை. மூளையின் ஹைப்போதாலமஸில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்படும் இந்த ஹார்மோன் சிறுநீரகத்தை அடைந்ததும், அக்குவாபோரின்-2 என்ற நீர்வழிகள் செல்களின் மேற்பரப்புக்கு வந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஹார்மோன் இல்லையேல் அவ்வழிகள் மேற்பரப்புக்கு வராமல் செல்களுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். வெளியேறும் சிறுநீர் நாளொன்றுக்குப் பத்து லிட்டரையும் தாண்டக்கூடும். சிறுநீரைச் சுவைத்தே நோயறிந்த பழைய மருத்துவர்கள் இதற்குச் 'சுவையற்ற நீரிழிவு' என்று பொருள்படப் பெயரிட்டிருந்தார்கள். சர்க்கரை நோயோடு குழப்பிக்கொண்டதால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததை முன்னிட்டு, 2022இல் 'வாசோபிரசின் குறைபாடு' எனப் பெயர் மாற்றப்பட்டது. தேவையான மாற்றம் என்றே கருதுகிறேன்.

அரிதாக, எலும்பு மச்சையில் தோன்றி வேகமாக முற்றும் தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறியே இந்தத் தாகமாக இருப்பதுண்டு. அத்தகையவர்களின் எலும்பு மச்சையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் குரோமோசோம்களைச் சோடி சோடியாக அடுக்கிப் பார்க்கும்போது, ஏழாம் இடத்தில் ஒன்று மட்டும் தனித்து நிற்பதையும், மூன்றாம் குரோமோசோமின் ஒரு துண்டு அறுபட்டுத் தலைகீழாக ஒட்டியிருப்பதையும் பலமுறை கண்டிருக்கிறார்கள். தலைகீழானதால் விளையும் கேட்டை 2014இல் வெளியான ஆய்வுகள் விளக்கின: காட்டா-2 என்ற மரபணுவை முடுக்கிவிட வேண்டிய பகுதி இடம் மாறி, அடங்கிக் கிடக்க வேண்டிய ஈவிஐ-1 மரபணுவின் அருகே போய் அமர்ந்து அதை ஓயாமல் இயக்குகிறது. ஒரே தலைகீழ் மாற்றத்தால் ஒரு மரபணு நலிகிறது, மற்றொன்று கட்டுமீறுகிறது.

மச்சையில் நேர்ந்த இந்தப் பிழை மூளையின் ஹார்மோனை எப்படித் தொடுகிறது? புற்றுச் செல்கள் பிட்யூட்டரிப் பகுதியில் ஊடுருவுவது ஒரு விளக்கம். ஆயினும் எம்ஆர்ஐ படத்தில் ஊடுருவலே தென்படாத நோயாளிகளும் உண்டு; ஆகவே ஈவிஐ-1இன் மிகை இயக்கமே ஹார்மோன் சுரப்பைக் குலைக்கிறதா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே இன்னும் திறந்தே இருக்கிறது.

வாசோபிரசினைப் போலவே செயல்படும் டெஸ்மோபிரசின் மருந்து, சில மணி நேரத்திலேயே சிறுநீரைக் கட்டுப்படுத்தி நோயாளியைத் தூங்க வைக்கும். ஆனால் கீமோதெரபியின்போது நரம்பு வழியே ஏராளமான திரவம் ஏற்றப்படுவதால், மருந்து சற்று மிகுந்தாலும் இரத்தத்தின் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதை அடிக்கடி அளந்துகொண்டே இருக்க வேண்டும். தாகம் தணிந்த பிறகும் மச்சையில் அந்தத் தலைகீழ்த் துண்டு அப்படியே இருக்கிறது. இவ்வகைப் புற்றுநோய் கீமோதெரபிக்கு எளிதில் மசியாது என்பதால், உடல்நிலை இடம்கொடுப்பவர்களுக்கு மருத்துவர்கள் தொடக்கத்திலிருந்தே ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குக் கொடையாளரைத் தேடத் தொடங்குகிறார்கள். உடன்பிறந்தவர்களின் இரத்தமே முதலில் சோதிக்கப்படும்.