உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு

சேலத்தில் ஒரு பள்ளியில் பெருங்கற்காலக் கல்லறைகளைப் பற்றிப் பேசி முடித்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், கல்லறையில் வைத்த கிண்ணத்துக்கு உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் பூசினார்களா?" பூசவில்லை. இரண்டும் நெருப்புத் தந்த நிறங்கள்.

பெருங்கற்கால மக்கள் கற்பலகைகளால் அறை கட்டி, இறந்தவரோடு இரும்புக் கருவிகளையும் மண்கலங்களையும் வைத்தார்கள். மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1604–1416 என்று கணிக்கப்பட்டிருக்கிறது.

களிமண்ணில் இரும்பு உண்டு. சூளையில் காற்றுப் பட்டால் அது சிவப்பு ஆக்சைடாகிறது. செங்கல் சிவப்பதும் இதனால்தான். கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலும் தழையும் அடைத்துச் சுட்டால் என்ன ஆகும்? வெளிப்புறம் காற்றில் வெந்து சிவக்கிறது. உள்ளேயோ காற்று நுழைய வழியில்லை. எரியத் துடிக்கும் தழை, தனக்குக் கிடைக்காத ஆக்சிஜனை மண்ணிலிருக்கும் இரும்பிடமிருந்தே பறிக்கிறது. பறிகொடுத்த இரும்பு மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. சேலத்தை அடுத்த நம் கஞ்சமலையின் இரும்புத் தாதும் இதே மேக்னடைட்தான்! அதற்கும் மேலாக, புகையின் கரி மண்ணின் நுண்துளைகளில் புகுந்து படிகிறது. கறுப்பில் பெரும்பங்கு இந்தக் கரிக்கே உரியது.

உடைந்த ஓட்டின் விளிம்பை வெயிலில் பிடித்துப் பாருங்கள். விரல் நகத்தின் அகலம்கூட இல்லாத அந்தக் கனத்துக்குள் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் செம்மண். அன்றைய குயவரின் பொறுமைதான் என்னை வியக்க வைக்கிறது. சூடு தணியும் முன் கிண்ணத்தை நிமிர்த்தியிருந்தால் காற்றுப் புகுந்து கரி எரிந்து, உள்ளும் சிவந்துபோயிருக்கும். இன்றும் கறுத்த ஓட்டைக் காற்றோட்டமுள்ள உலையில் மறுபடி சுட்டால் அப்படித்தான் சிவக்கிறது.

சேர்வராயன் மலையிலும் இத்தகைய ஈமச் சின்னங்கள் உண்டு. புதையல் இருக்கும் என்ற நம்பிக்கையில் இவற்றைக் கடப்பாரையால் குத்திப் பார்ப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. புதையல் அந்த மண்சுவரிலேயே இருக்கிறது. கலத்தில் ஊற்றிய உணவின் கொழுப்பு நுண்துளைகளில் ஊறி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கக்கூடும். அதைப் பிரித்தறியும் ஆய்வகங்களுக்கும், தோண்டுவதற்கு இணையாக அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

ஆகவே உழும்போது இப்படி ஒரு கிண்ணம் தட்டுப்பட்டால், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் மண்ணைத் தட்டிக் கொட்டாதீர்கள், கழுவவும் வேண்டாம்.