குண்டூசியை எடுக்கும் முன் போர்ட் லைட்டைப் பாருங்கள்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து எனக்கு வருகிற அழைப்புகளில் ஒரு வகை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். “தம்பி, ரெண்டு ரவுட்டரையும் வயரால தொடுத்து வைச்சனாங்கள். நேற்றுவரைக்கும் நல்லா வேலை செய்தது. இப்ப ஒண்டுமில்லை. ரீசெட்டும் அடிச்சுப் பாத்திட்டம்.” அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும்தான் எனக்குக் கவலை வரும்.

ரீசெட் துவாரத்துக்குள் குண்டூசியைக் குத்தினால் கேபிளில் இருக்கிற பழுது போகாது. ரவுட்டருக்குள் ஒருவர் நேரமெடுத்துப் பதிந்து வைத்ததெல்லாம் அழிந்துபோகும்: வைஃபை பெயர், கடவுச்சொல், இணைப்புத் தந்த நிறுவனத்தின் பயனர் பெயர், ஐபி முகவரி (வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) அமைப்பு. அழிந்த பிறகு பல ரவுட்டர்கள் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற பழைய முகவரிக்கே திரும்பிவிடும். ஒரே மாதிரி இரண்டு வாங்கி வைத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒரு பழுதாக இருந்தது இப்போது இரண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு கேபிளைச் சரியாக மாற்றினாலும் இணைப்பு வராது. ‘அப்ப கேபிளில் பிழையில்லை’ என்று நினைத்துப் புது ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போய்விடுகிறார்கள். வீதியோரத்தில் சின்னக் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு அது சின்னச் செலவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, கேபிள் செருகிய இடத்தில், அதாவது போர்ட்டில், உள்ள சின்ன லைட். இரண்டு பக்கமும் பாருங்கள். எரியவில்லை என்றால் ஐபி முகவரி, கடவுச்சொல் எதையும் தொட வேண்டாம். பழுது கேபிளில், கிளிப்பில் (கேபிள் முனையிலுள்ள பிளாஸ்டிக் தலை), அல்லது போர்ட்டில். கேபிளை அதே ரவுட்டரின் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். பிறகு நன்றாக வேலை செய்கிற ஒரு குட்டைக் கேபிளை எடுத்து, இரண்டு ரவுட்டரையும் ஒரே மேசையில் வைத்து நேராகத் தொடுத்துப் பாருங்கள். அங்கே லைட் எரிந்தால் ரவுட்டர்கள் நலம். இடையிலுள்ள நீளக் கேபிள்தான் குற்றவாளி. இந்த ஒரு சோதனை பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும். (இரு முனையிலும் வயர் ஒழுங்கு மாறியிருக்கிற கிராஸ் கேபிள்தான் வேண்டும் என்று இப்போதும் சிலர் சொல்வார்கள். இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை அதைத் தாமே சரிசெய்துகொள்ளும்.)

நீளக் கேபிள் என்றதும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கேபிள் சோதிக்கிற டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா லைட்டும் ஒழுங்காக எரியும், ஆனாலும் இணைப்பு வராது, வந்தாலும் விட்டுவிட்டு வரும். கிளிப்பைக் கண்ணுக்கு அருகில் பிடித்து நிற ஒழுங்கைப் பாருங்கள். வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம் என்பதுதான் வழக்கமான ஒழுங்கு. பச்சைச் சோடி பிரிந்து 3இலும் 6இலும் நிற்பதைக் கவனியுங்கள். கிளிப்பைக் கேபிளில் அழுத்திப் பொருத்துகிற, அதாவது கிரிம்ப் பண்ணுகிற சிலர், ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும்’ என்று சோடி சோடியாகவே அடுக்கிவிடுவார்கள். அப்போது 3இலும் 6இலும் வேறுவேறு சோடியின் வயர்கள் வந்துவிடும். வயர்களைச் சோடியாக முறுக்கியிருப்பதே ஒன்றின் சிக்னல் மற்றதில் ஏறாமலிருக்கத்தான். சோடி பிரிந்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். வயர் முனைக்கு முனை போய்ச் சேருகிறதா என்பதை மட்டும் பார்க்கிற மலிவான டெஸ்டருக்கு இது தெரியவே தெரியாது. மேசைமேல் வேலை செய்த கேபிள் களஞ்சியம்வரை இழுத்ததும் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் தூரம். செம்புக் கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை. இங்கே வளவுகள் பெரியவை. அரிசி ஆலையின் கந்தோரிலிருந்து பின்பக்கக் களஞ்சியத்துக்குக் கண்ணால் பார்த்தால் கிட்ட மாதிரி இருக்கும். கூரைக்கு ஏறி, மதிலோடு போய், இறங்கி அளந்தால் எல்லை தாண்டியிருக்கும். விலை குறைந்த கேபிள்கள் சிலவற்றில் அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியிருப்பார்கள். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நீள ஓட்டத்துக்கு அதை வாங்காதீர்கள். அணில் கடித்த கேபிளில் இன்னொரு வேடிக்கை நடக்கும்: நீலமோ மண்ணிறமோ மட்டும் அறுந்திருந்தால் பெரும்பாலும் இணைப்பு சாகாது, 1000 மெகாபிட் 100க்கு இறங்கிவிடும். 100க்கு இரண்டு சோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும்.

சரி, லைட் எரிகிறது, ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போதுதான் முகவரிகளுக்கு வர வேண்டும். வீட்டிலும் கடையிலும் இரண்டாவது ரவுட்டரை வைஃபை நீட்டத்தான் பெரும்பாலும் வைக்கிறோம். அப்படியானால் இரண்டு பக்கமும் லான் (LAN, உள்வலை) போர்ட்டில் செருகுங்கள். முதலாவது 192.168.1.1 என்றால் இரண்டாவதின் முகவரியை 192.168.1.2 போல மாற்றுங்கள், கருவிகளுக்கு முகவரி பங்கிடுகிற அதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள். ஒரே வலையில் இரண்டு பேர் முகவரி பங்கிட்டால் சிலருக்கு இன்டர்நெட் வரும், சிலருக்கு வராது, நாளைக்கு மாறி வரும். இரண்டாவதின் வான் (WAN, வெளியிலிருந்து இணைப்பு வரும்) போர்ட்டில் செருகினால் கதை வேறு. அதன் உள்வலை 192.168.2.1 போல வேறாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வலையாக இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவதென்று அதற்கே தெரியாது. அப்படி வைத்தபின் களஞ்சியத்துப் பிரிண்டரைக் கந்தோர் கணினி காணவில்லை என்று பதறாதீர்கள். வான் பக்கத்திலிருந்து வருவதைத் தடுப்பது அந்த ரவுட்டரின் இயல்பு.

பெரிய அலுவலகங்களில் இரண்டு ரவுட்டரையும் நேராகத் தொடுத்து 255.255.255.252 என்ற மாஸ்க் (வலையின் அளவைச் சொல்லும் எண்) போடுவார்கள். அதில் இரண்டே இரண்டு முகவரிகளுக்குத்தான் இடம். ஒரு பக்கம் 10.10.10.1 என்றால் மறுபக்கம் 10.10.10.2. 10.10.10.5 என்று போட்டால் அது அடுத்த வலைக்குப் போய்விடும், பிங் (மறுபக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) வராது. சிஸ்கோ நிறுவன ரவுட்டர்களில் போர்ட்டை ‘நோ ஷட்டவுன்’ என்ற கட்டளை கொடுத்துத் திறக்க வேண்டும் என்பதும் படித்தவர்களே மறக்கிற விஷயம். பிங் வராதபோது ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபி முகவரி எந்தக் கருவிக்கு உரியது என்ற பட்டியல்) பாருங்கள். மறுபக்க ரவுட்டரின் மாக் முகவரி (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) அங்கே புதிதாகப் பதிவாகியிருந்தால் வயர் நல்லது. தடுப்பது பெரும்பாலும் ஃபயர்வோல் என்கிற பாதுகாப்புத் தடுப்பு. ரவுட்டர்கள் ஒன்றையொன்று பிங் பண்ணியும் பின்னாலுள்ள கணினிகள் பேசாவிட்டால், திரும்பி வரும் பாதை ஒரு பக்க ரவுட்டரில் எழுதப்படாமல் இருக்கலாம்.

இனி மின்னல். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்நேரமானால் இடி முழங்குகிற நாடு இது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் போட்டால், அருகில் மின்னல் விழும்போது இரண்டு பக்க நிலத்துக்கும் மின்னழுத்தம் வேறாகிவிடும். அந்த வேறுபாடு கேபிள் வழியே ஓடி இரு முனைகளிலும் உள்ள போர்ட்டுகளைச் சுடும். யுபிஎஸ் போட்டிருக்கிறோமே என்பார்கள். அது கரண்ட் வழியே வருவதற்குத்தான். நெட்வொர்க் கேபிள் வழியே வருவதை அது பார்க்காது. வெளியே ஒரு கரியும் தெரியாது, வைஃபைகூட வேலை செய்யும், அந்த ஒரு போர்ட் மட்டும் போயிருக்கும். மழை விட்ட பிறகு லைட் எரியாவிட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் (ஒளியால் தகவல் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள் என்று நான் கெஞ்சாத குறை. இரண்டு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கிற மீடியா கன்வேர்ட்டர் வைத்தால் போதும், 100 மீற்றர் கவலையும் இல்லை. ஆனால் தாங்குவதற்கு இரும்புக் கம்பி சேர்த்த ஃபைபர் என்றால், அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே கொண்டுவந்தால் மின்னலும் கூட வரும். செம்பு ஏற்கெனவே ஓடுகிறதா? வானம் கறுக்கும்போதே இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிய பிறகு யாரும் கேபிளைத் தொட வேண்டாம், பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். போர்ட் போனால் மாற்றலாம்.

இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். எந்தப் போர்ட்டில் எந்தப் போர்ட் தொடுத்திருக்கிறது, லைட் எந்தப் பக்கம் எரிகிறது, இடிக்கு முன் நின்றதா பின் நின்றதா, ரீசெட் அடித்தீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள். அடித்திருந்தாலும் மறைக்க வேண்டாம். கிரிம்ப் கருவியோடு வருவதா, மாற்று ரவுட்டரோடு வருவதா, போனிலேயே முடித்துவிடலாமா என்று வருகிறவர் அதை வைத்தே தீர்மானிப்பார்.