மறுபடி பட்டாளத்தில் சேர: ஜிம்முக்கு முன்னால் லிமோஜ் ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள்

பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் தெற்குப் பகுதியில், சேன்-பியேரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தின் பியேர்ஃபோன் பாராசூட் ரெஜிமென்ட் பக்கத்திலேயே இருப்பதால், தோளையும் முட்டியையும் கெடுத்துக்கொண்ட சொல்தாக்கள் (படைவீரர்கள்) நிறைய வருவார்கள். மல்பார் எனப்படும் இத்தீவுத் தமிழ் வம்சாவளி வீட்டுப் பிள்ளைகள், புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்துப் பையன்கள், எல்லாரும்தான். மருத்துவக் காரணம் சொல்லிப் படையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "இப்போ கை நல்லா இருக்கு அண்ணே, மறுபடி சேர்த்துக்குவாங்களா?"

கை நன்றாக இருக்கிறதா என்பதை நான் சொல்லிவிடலாம். படைக்குத் தகுதியா என்பதை ராணுவ மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் பார்ப்பது சிஜிகொப் (SIGYCOP) என்ற ஏழு எழுத்துக் கணக்கு: தோளும் கையும், இடுப்பும் காலும், பொது உடல்நிலை, பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, மனநிலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண் ஏற ஏறத் தகுதி இறங்கும். பிரிவுக்குப் பிரிவு, வேலைக்கு வேலை, கேட்கும் எண்கள் மாறும். பாராசூட்டில் குதிப்பவருக்குப் போதாத தோள், பணிமனை மெக்கானிக்குக்குப் போதுமானதாக இருக்கலாம். அதனால் எந்த எழுத்தில் அடி வாங்கினீர்கள், அது தற்காலிகமா நிரந்தரமா என்று தெரியாமல் ஜிம்மில் ஒரு வருஷம் கழிப்பது வீண்.

எப்படி வெளியே வந்தீர்கள் என்பதும் முக்கியம். சோதனைக் காலத்திலேயே ஒப்பந்தம் முறிந்தவருக்கு, காரணம் சரியாகிவிட்டால் வாய்ப்பு உண்டு. ராணுவக் குழு கூடி "ரெஃபோர்ம் தெஃபினித்தீவ்", அதாவது நிரந்தரத் தகுதி நீக்கம், என்று எழுதி அனுப்பியிருந்தால் கதவு பெரும்பாலும் மூடியதுதான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், பொய் நம்பிக்கை கொடுத்து ஃபீஸ் வாங்க எனக்கு மனசில்லை.

நான் அதிகம் பார்ப்பது தோள்தான். இருபது வயதுக்குள் ஒருமுறை மூட்டு விலகி இறங்கிய தோள் மறுபடி இறங்குவது மிகச் சகஜம். 1954-ல் மிஷல் லத்தார்ஷே விவரித்த அறுவை சிகிச்சை இன்றும் பிரான்ஸில் பரவலாகச் செய்யப்படுகிறது. தோள்பட்டை எலும்பின் ஒரு முனையை வெட்டி, மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பில் வைத்துத் திருகாணியால் இறுக்குவார்கள். பிறகு பையன்கள் புல்-அப் எடுத்துக் காட்டி என்னிடம் பெருமைப்படுவார்கள். புல்-அப்பை விட எனக்குக் கவலை, கையைத் தூக்கிப் பின்னால் திருப்பும்போது தோள் பயப்படுகிறதா என்பதில். ராணுவ மருத்துவரிடம் போகும்போது அறுவை சிகிச்சை அறிக்கை, ஸ்கேன், கடைசிப் பரிசோதனைக் குறிப்பு மூன்றும் கையில் இருக்கட்டும்.

காது வேறு விஷயம். துப்பாக்கிச் சத்தத்தில் செத்த செவிநுண்செல்கள் திரும்ப முளைக்காது. ஆஸ்துமாவைப் பொறுத்தவரை, அதைத் தூண்டும் தூசிப்பூச்சி நம் தீவின் ஈரக்காற்றில் கொழிக்கிறது. "சின்ன வயசுல இருந்துச்சு, இப்போ இல்ல" என்று வாயால் சொன்னால் போதாது, மூச்சுப் பரிசோதனை எடுத்துக் காட்ட வேண்டும்.

ராணுவ மருத்துவக் கேள்வித்தாளில் பழைய நோயை மறைக்கச் சொல்லும் நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு. ராணுவம் உங்களை அனுப்பிய காகிதம் ராணுவத்திடமே இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காகிதத்தை நீங்களும் வாங்கலாம். 2002 மார்ச் 4-ம் தேதி பிரெஞ்சுச் சட்டப்படி உங்கள் மருத்துவக் கோப்பு உங்களுக்கு உரிமையானது. கேட்டால் 8 நாளில் தர வேண்டும். தகவல் 5 ஆண்டுக்கு மேல் பழையது என்றால் 2 மாதம். படையை விட்டு வெளியேறியவர்களின் கோப்புகளை பிரான்ஸின் லிமோஜ் நகரில் உள்ள ராணுவ மருத்துவ ஆவணக்காப்பகம் வைத்திருக்கிறது. மகனுக்காகக் காவடி நேர்ந்துகொள்ளும் அம்மாக்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: வேண்டுதல் இருக்கட்டும், கடிதமும் போகட்டும்.

அப்புறம் இன்னொன்று. மறுபடி சேரும் ஆசையில் பலர் ஊனமுற்றோருக்கான ராணுவ ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்காமலே தள்ளிப்போடுகிறார்கள். பணியில் பட்ட காயம் என்றால் 10 சதவீத ஊனமே போதும்; நோய் என்றால் 30. விண்ணப்பிக்கக் கெடு இல்லை, ஆனால் பணம் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் கணக்காகும். படிவம் புரியாவிட்டால் தீவின் தலைநகர் சேன்-தெனியில் முன்னாள் படைவீரர் அலுவலகம் இருக்கிறது, அங்கே உதவி கேளுங்கள்.